அணி, தொடை, திணை: இலக்கியத் தேர்வுக்குக் கலைச்சொற்களைப் படிக்கும் வழி

பள்ளியில் படிக்கும்போது "பிறிது மொழிதல் அணி" என்பதன் இலக்கணத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். தேர்வில் வகுப்பில் நடத்தாத ஒரு குறளைக் கொடுத்து, இதில் அமைந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக என்று கேட்டார்கள். கை நின்றுவிட்டது. கேட்டது அதே பிறிது மொழிதல்தான், இலக்கணமும் நாக்கு நுனியில் இருந்தது, ஆனால் பாட்டுக்குள் அதை அடையாளம் காண எனக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, நான் வரையறையை மனப்பாடம் செய்திருந்தேன், அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை.

இலக்கியக் கலைச்சொற்களைப் பார்த்தாலே பயப்படுகிறவர்கள், முதல்முறையாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகச் செய்தால் நல்லது. நேரம் இல்லை என்றால் இரண்டாவதையும் நான்காவதையும் மட்டுமாவது விடாதீர்கள்.

முதல் படி: எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் பொருளணிகள் மட்டும் 35 சொல்கிறது. தொல்காப்பியத்தில் உவமை ஒன்றுக்கே உவமவியல் என்று தனி இயல் இருக்கிறது. இவ்வளவையும் பார்த்து மலைக்க வேண்டாம், பள்ளித் தேர்வுக்கு இதில் ஒரு பகுதிதான் வேண்டும். உங்கள் பாடப்புத்தகத்தையும் பழைய வினாத்தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் வரும் கலைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போதே நான்கு கட்டாகப் பிரித்துவிடுங்கள்: அணி (பாட்டுக்கு அழகு சேர்க்கும் முறை) ஒரு கட்டு, யாப்பு (பாட்டின் கட்டமைப்பு: அசை, சீர், தளை, தொடை) ஒரு கட்டு, திணையும் துறையும் ஒரு கட்டு, கதைக்கும் புதுக்கவிதைக்கும் உரிய சொற்கள் ஒரு கட்டு. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மிச்சம் இருப்பது நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

இரண்டாம் படி: பெயரை உடைத்துப் பாருங்கள்

தமிழ்க் கலைச்சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பெரும்பாலான பெயர்களுக்குள்ளேயே அவற்றின் இலக்கணம் இருக்கிறது. தற்குறிப்பேற்ற அணி என்ற நீளமான பெயரைப் பார்த்ததும் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பிரித்துப் பாருங்கள்: தன் + குறிப்பு + ஏற்றம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார், அவ்வளவுதான். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் இருக்கும் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கொடி ஆடுவது இயல்பு. இளங்கோவடிகள் அதைப் பார்த்து, 'வாராதீர்கள்' என்று அந்தக் கொடிகள் கைகாட்டுவது போல இருந்தது என்கிறார். கோவலனுக்கு அந்த ஊரில் என்ன நடக்கப்போகிறது என்று கவிஞருக்குத் தெரியும், அந்தத் தவிப்பைக் கொடியின்மேல் ஏற்றிவிட்டார். இதைப் புரிந்துகொண்டபின் அந்த அணியின் இலக்கணத்தை யாரும் உங்களுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

இதே மாதிரி மற்றவற்றையும் உடையுங்கள். நிரல்நிறை என்றால் வரிசையாக நிறுத்துவது. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன் என்று வரிசை மாறாமல் நிற்கின்றன. ஏகதேசம் என்றால் ஒரு பகுதி, ஆகவே ஏகதேச உருவகம் என்பது பாதியை உருவகம் செய்து பாதியை விட்டுவிடுவது. பின்வருநிலை என்றால் முன்னால் வந்தது பின்னாலும் வருவது. அந்தாதி என்பது அந்தம் + ஆதி, ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். இரட்டுற மொழிதல், இரண்டு பொருள் படும்படி சொல்வது.

தொடை விகற்பங்களின் பெயர்கள் இன்னும் அழகு. ஓர் அடியில் உள்ள நான்கு சீர்களில் எந்தெந்தச் சீரில் மோனையோ (முதல் எழுத்து ஒன்றி வருவது) எதுகையோ (இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது) வருகிறது என்பதை வைத்து ஏழு பெயர்கள் சொல்வார்கள், மாணவர்கள் குழம்புகிற இடம் இது. 1, 2 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இணைந்து வந்தால் இணை. 1, 3 வந்தால் பொழிப்பு. 1, 4 வந்தால் ஒரூஉ. ஒருவுதல் என்றால் நீங்குதல், நடுவில் இரண்டு சீர் நீங்கிப் போயின. 1, 2, 3 வந்து கடைசியில் மட்டும் இல்லையென்றால் கூழை. வால் குறைந்ததைக் கூழை என்பார்கள். கதுவாய் என்றால் குறைவுபட்டது. மேலே, அதாவது இரண்டாம் சீரில் குறைந்தால் மேற்கதுவாய் (1, 3, 4), கீழே மூன்றாம் சீரில் குறைந்தால் கீழ்க்கதுவாய் (1, 2, 4). நான்கிலும் வந்தால் முற்று. பொழிப்பு ஒன்றை மட்டும் எண்ணோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும், மற்ற ஆறும் பெயரே சொல்லிவிடும்.

மூன்றாம் படி: யாப்புக்கு ஒரே ஒரு குறளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

யாப்பு கடினம் என்று ஒதுக்கிவிடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் குறளை ஒரு தாளில் எழுதி அரை மணி நேரம் அதோடு உட்காருங்கள்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

முதலில் மோனை. முதல் அடியின் நான்கு சீர்களும் ககரத்தில் தொடங்குகின்றன, அதனால் முற்று மோனை. அடுத்து எதுகை. முதல் அடி கற்க, இரண்டாம் அடி நிற்க, இரண்டாம் எழுத்து இரண்டிலும் ற். இது அடி எதுகை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டு, கட்டு எதுகை. பட்டு, காட்டு எதுகை ஆகாது. அதேபோல மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை, இன எழுத்தும் வரலாம். சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் தங்களுக்குள் மோனையாகும்.

சரி, அலகிட்டுப் பார்ப்போம், அதாவது சீர்களை அசைகளாகப் பிரிப்போம். அசை இரண்டே வகை. ஒரு குறிலோ ஒரு நெடிலோ தனியாக வந்தாலும், பின்னால் ஒற்று சேர்ந்து வந்தாலும் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால், ஒற்று சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நிரை. இப்போது கற்க என்பதைப் பிரியுங்கள்: கற் / க, நேர் நேர், இதற்கு வாய்பாடு (சீரின் அமைப்பை நினைவில் வைக்க உதவும் மாதிரிச் சொல்) தேமா. கசடறக்: கச / டறக், நிரை நிரை, கருவிளம். கற்பவை: கற் / பவை, நேர் நிரை, கூவிளம். கற்றபின்: கற் / றபின், இதுவும் கூவிளம். நிற்க தேமா. அதற்குத்: அதற் / குத், நிரை நேர், புளிமா. கடைசிச் சீர் தக, ஒரே நிரை, மலர்.

பார்த்தீர்களா, தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற நான்கு ஈரசை வாய்பாடுகளும் இந்த ஒரே குறளில் இருக்கின்றன. தளையும், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதமும், இங்கேயே கிடைக்கும். மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்குகிறது (கற்க, கசடற), விளத்தில் முடிந்தால் அடுத்த சீர் நேரில் தொடங்குகிறது (கசடற, கற்பவை). மா முன் நிரை, விளம் முன் நேர், இதுதான் இயற்சீர் வெண்டளை. மீதி உள்ள சீர்களையும் நீங்களே சரிபாருங்கள், ஓர் இடத்தில்கூடத் தவறாது. இந்தக் குறளைப் பழக்கிக்கொண்டால், தேர்வு அறையில் கருவிளமா கூவிளமா என்று சந்தேகம் வரும்போது மனதுக்குள் இதைச் சொல்லிப் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாம். எங்காவது காய்ச்சீர் வந்தால் மூன்றாவதாக ஒரு நேரசை சேர்ந்திருக்கிறது என்று பொருள். காய் முன் நேர் வந்தால் அது வெண்சீர் வெண்டளை.

நான்காம் படி: அணிகளை அண்டை வீட்டுக்காரர்களாகப் படியுங்கள்

ஒவ்வோர் அணியையும் தனித்தனியாகப் படித்தால் தேர்வில் ஒன்று இன்னொன்றாகத் தெரியும். ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். அதற்குப் பாட்டிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இரண்டு பொருள்கள் ஒப்பிடப்படுகின்றனவா? "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை." ஆமாம், தோண்டுகிறவரைத் தாங்கும் நிலம் ஒன்று, இகழ்கிறவரைப் பொறுப்பது இன்னொன்று, நடுவில் போல என்ற உவம உருபு வெளிப்படையாக நிற்கிறது. இது உவமை அணி.

இரண்டாம் கேள்வி: உருபு எங்கே? "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு." உவமைத் தொடர் ஒன்று, பொருள் தொடர் ஒன்று, இரண்டும் முழுதாக இருக்கின்றன, ஆனால் நடுவில் போல இல்லை. அது போல என்று நாமே சேர்த்துப் படித்துக்கொள்கிறோம். இது எடுத்துக்காட்டு உவமை அணி.

மூன்றாம் கேள்வி: சொல்ல வந்த பொருள் பாட்டில் இருக்கிறதா? "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். வண்டியும் இறகும் அச்சும் மட்டும்தான் பாட்டில் இருக்கின்றன. அரசன், பகைவர் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதிகாரம் வலியறிதல். எளிய பகைவர்களே ஆனாலும் பலர் ஒன்றுசேர்ந்தால் வலியவனும் வீழ்வான் என்பதுதான் வள்ளுவர் சொல்ல வந்தது. வேறொன்றைச் சொல்லி இதை உணர்த்துகிறார், ஆகவே பிறிது மொழிதல். அன்றைக்குத் தேர்வில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

நான்காம் கேள்வி: இரண்டும் ஒன்றாகிவிட்டனவா? மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமை. முகமதி என்றால் முகமாகிய மதி, உருவகம். சொல்லின் இடம் மாறினால் அணியே மாறுகிறது. உவமை முன்னால் நின்றால் உவமைத்தொகை, பின்னால் போனால் உருவகம் என்று மலர்விழி, விழிமலர் போன்ற சொற்களை வைத்துப் பழகுங்கள். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்பதில் பிறவி கடலாகிவிட்டது, ஆனால் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவில்லை. பாதிதான் உருவகம், அதனால் ஏகதேச உருவகம்.

ஐந்தாம் கேள்வி: ஒப்பிட்டபின் வேறுபடுத்துகிறாரா? "தீயினால் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினால் சுட்ட வடு." இரண்டும் சுடும் என்பது ஒற்றுமை, ஒன்று ஆறும் ஒன்று ஆறாது என்பது வேற்றுமை. வேற்றுமை அணி. இங்கே இன்னொன்றையும் பாருங்கள், தீ சுட்டதைப் புண் என்கிறார், நாக்கு சுட்டதை வடு என்கிறார். விளக்கத்தில் இதை ஒரு வரி எழுதினால், பாட்டை நீங்கள் உண்மையிலேயே படித்திருக்கிறீர்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.

இந்த ஐந்துக்கும் வெளியே சில அணிகள் இருக்கின்றன, அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. "செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம்" என்று தொடங்கும் குறளில் செல்வம் 5 முறை வருகிறது. அவிழ்ந்தன, அலர்ந்தன, நெகிழ்ந்தன என்று வேறு வேறு சொற்கள் வந்து எல்லாமே பூத்தன என்ற ஒரே பொருளைத் தந்தால் பொருள் பின்வருநிலை. புகழ்வது போலப் பழித்தால் வஞ்சப்புகழ்ச்சி: "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கி, அவர்களும் தாம் விரும்பியதையே செய்து திரிகிறார்கள் என்று முடிக்கும் குறளைப் படித்துப் பாருங்கள். இரட்டுற மொழிதலுக்குக் காளமேகப் புலவர் இருக்கிறார். "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்" என்ற அடி பாம்புக்கும் பொருந்துகிறது, வாழைப்பழத்துக்கும் பொருந்துகிறது. பாம்பில் நஞ்சு இருக்கும், பழம் நைந்து இருக்கும். பாம்பு தோலை உரிக்கும், பழத்தின் தோலை நாம் உரிக்கிறோம்.

ஐந்தாம் படி: திணையைக் கதையாக்குங்கள்

ஐந்து திணை, அவற்றின் நிலம், பொழுது, உரிப்பொருள் (அந்தத் திணைக்கு உரிய உணர்வு) என்று அட்டவணை போட்டுப் படித்தால் ஒரு வாரத்தில் கலந்துவிடும். ஏன் அந்தப் பொழுது அந்த உணர்வோடு சேர்ந்தது என்று கேளுங்கள். பாலை பிரிதல்: வேனில், நண்பகல், நிழல் இல்லாத வழி, அதில் தலைவன் போகிறான் என்றால் தலைவியின் மனம் என்ன பாடுபடும். முல்லை இருத்தல்: கார் காலம் தொடங்கினால் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவனுக்காக மாலை நேரத்தில் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறாள். குறிஞ்சி புணர்தல்: மலைக்காடு, குளிர்ந்த யாமம், யாருக்கும் தெரியாமல் சந்திக்க வேண்டும். மருதம் ஊடல்: இரவு வீட்டுக்கு வராதவன் வைகறையில் வந்து நிற்கிறான், அவள் பேசமாட்டாள். நெய்தல் இரங்கல்: எற்பாடு, அதாவது எல் (கதிரவன்) படும் நேரம், கடலுக்குள் சூரியன் இறங்கும்போது தனியாக நிற்பவளின் புலம்பல்.

புறத்திணைகளுக்கு ஒரு போரை நடத்திப் பாருங்கள், மாட்டைக் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, நாட்டைப் பிடிக்கப் படையெடுத்தால் வஞ்சி, எதிர்த்து நின்றால் காஞ்சி, மதிலைக் காத்தால் நொச்சி, வளைத்தால் உழிஞை, இரு படையும் மோதினால் தும்பை, வென்றால் வாகை. வெற்றி வாகை என்று இன்றும் எழுதுகிறோமே, அந்த வாகைதான்.

ஆறாம் படி: புதுக்கவிதைச் சொற்கள்

இதில் குழப்பம் தருவது படிமமும் குறியீடும்தான். சொல்லைப் படித்ததும் கண்ணுக்கு முன் ஒரு காட்சி விரிந்தால் படிமம். ஒரு பொருள் தன்னையும் சொல்லி, தனக்கு அப்பால் வேறொன்றையும் சுட்டினால் குறியீடு. புறா பறந்து போகும் காட்சியைச் சிறகசைவோடு வரைந்தால் படிமம், அந்தப் புறா அமைதிக்காக நிற்கிறது என்றால் குறியீடு. ஒரே வரியில் இரண்டும் இருக்கலாம். தொன்மம் என்பது பழங்கதையை இன்றைய பொருளுக்குப் பயன்படுத்துவது, அங்கதம் என்பது குறைகளைக் கேலியாகச் சாடுவது. இவற்றுக்கு உங்கள் பாடக் கவிதையிலிருந்தே ஆளுக்கொரு வரி எடுத்து வையுங்கள், போதும்.

ஏழாம் படி: புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

சிறிய அட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் பாடல் வரியை மட்டும் எழுதுங்கள். அணியின் பெயரை எழுதாதீர்கள், ஏனென்றால் தேர்வில் வருவது பாட்டுதான். பின்பக்கம் பெயரும் ஒரு வரிக் காரணமும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து அட்டைகள் எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பும் முன் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெயர் சரியாக வந்து காரணம் வரவில்லை என்றால் அந்த அட்டை மறுநாளும் வர வேண்டும். தவறிய அட்டையை இரண்டு நாள் கழித்தும், அப்புறம் ஒரு வாரம் கழித்தும் மறுபடி எடுங்கள். வீட்டில் யாராவது கேட்கத் தயாராக இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்த இடத்தில் நீங்கள் தடுமாறுகிறீர்களோ அந்த இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம்.

எட்டாம் படி: விடையை எழுதும் வரிசை

பெயரை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறவர்கள் பலர். அணியின் பெயர், அதன் இலக்கணம் ஒரு வரியில், பாடல், பாடலின் பொருள், கடைசியாக அணிப்பொருத்தம், இந்த வரிசையில் எழுதுங்கள். பொருத்தம்தான் முக்கியம். உவமை அணி என்றால் உவமை: அகழ்வாரைத் தாங்கும் நிலம், உவமேயம்: இகழ்வாரைப் பொறுத்தல், உவம உருபு: போல என்று பிரித்துக் காட்டுங்கள். உவமையையும் உவமேயத்தையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. கவிஞர் பேச வந்தது உவமேயம், அதை விளக்க வெளியிலிருந்து கொண்டுவந்தது உவமை. உருபு போல என்றே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நன்னூல் புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, அன்ன என்று பட்டியலே தருகிறது. அற்று என்று முடிவதும் உவமைதான்: "வினையான் வினையாக்கிக் கோடல் நனைகவுள் யானையால் யானையாத் தற்று." யாத்து + அற்று என்று பிரித்தால் உருபு தெரியும்.

இன்று இரவே ஒன்றை முயன்று பாருங்கள்.

கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து.

வலிய சக்கரம் கொண்ட தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது. அதிகாரம் இடனறிதல். நான்காம் படியில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டு, எந்தக் கேள்வியில் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் அடியில் மோனை எந்தெந்தச் சீரில் வருகிறது என்று விரலால் எண்ணி, அந்த ஏழு பெயர்களில் எது என்று கண்டுபிடியுங்கள்.